இழுக்கும் பிரேக்கும் நிறுத்தும் பிரேக்கும்

லெஸ்டரில் நண்பன் ஒருவன் வாடகைக்கு எடுத்திருந்த கராஜ் அது. உள்ளே ஒரு காரும் இரண்டு பேரும் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே மழையில்தான் நிற்க வேண்டும். ஒரு அங்குலச் சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்த சேசிஸ். ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றிய பின்டோ எஞ்சின், டைப் 9 கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல், பின் டிஸ்க்குகள். கதவு இல்லை, கூரை இல்லை. அதற்குள் இரண்டு குளிர்காலம் போயிருந்தது. அன்று தபாலில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தால், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அலுமினிய லிவர். அதன் அடியில் தடித்த கட்டைவிரல் அளவுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர். ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்.

“இதைப் பிரேக் எண்டு நினையாதை மச்சான். இது ரெண்டாவது ஸ்டியரிங்,” என்றான். யாழ்ப்பாணத்தில் சைக்கிளின் பின்பிரேக்கை அமுக்கிச் சரளைக் கல்லில் அரைவட்டம் போட்டுப் பழகியவன் அப்படித்தான் சொல்வான். சொன்னது சரியும்கூட. ஆனால் அந்த வாக்கியத்தை அவன் கடைசிவரை யோசிக்கவில்லை என்பது என் கட்சி. ஸ்டியரிங் என்றால், வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுப் போகும்போது யார் பிடித்துக்கொண்டிருப்பது?

வீட்டில் செய்யும் காருக்கு இங்கிலாந்தில் ஒரு வம்சாவளி உண்டு. காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் மூலவர். 1973இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. வசதி உள்ளவர்கள் அதை வாங்கினார்கள். இல்லாதவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று அட்டையிலேயே அறிவித்த ரான் சாம்பியனின் புத்தகம் 1996இல் வந்தபோது, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை உரித்து அதன் உறுப்புகளால் புதிய காரைக் கட்டும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது. எஸ்கார்ட் கிடைப்பது அருகியதும் சியரா வந்தது, பிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5. இந்த மரபின் அடிப்படை விதி ஒன்றுதான்: உரித்த காரிலிருந்து எது வருகிறதோ அதை வைத்துச் சமாளி. ஹேண்ட்பிரேக்கும் அப்படியே வந்தது. பின் அச்சோடு கேபிள், கேபிளோடு பல்சக்கரப் பூட்டுள்ள லிவர். அதைத் தூக்கிவிட்டு ஹைட்ராலிக் போடுவது, வந்ததை வைத்துச் சமாளிக்கும் மரபிலிருந்து வெளியே வைக்கும் கால்தான். வெளியே வரக் கூடாது என்பதில்லை. வந்தால் காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஆட்டோடெஸ்ட் என்று அங்கே ஒரு போட்டி. பெரிய கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை அடுக்கி, அவற்றைச் சுற்றி, இடையில் புகுந்து, பின்னோக்கி வந்து, யார் சீக்கிரம் முடிக்கிறார் என்று பார்ப்பது. வேகம் பெரிதாக இருக்காது. ஆனால் ஒற்றைக் கூம்பைச் சுற்றித் திரும்பும் இடத்தில், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் கார் அகலமாகத்தான் வளையும். அந்த நேரத்தில் பின்சக்கரங்களைச் சட்டென்று பூட்டினால் அவை பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கும், பின்பாகம் வெளியே விசிறும், காரின் மூக்கு தன்னிடத்திலேயே சுழலும். ராலி ஓட்டுநர்கள் கொண்டை ஊசி வளைவில் செய்வதும் இதுதான். இதற்குத் தேவை மூன்று: இரண்டு பின்சக்கரமும் ஒரே கணத்தில் பூட்ட வேண்டும், கொஞ்சம் இழுத்தாலே பூட்ட வேண்டும், கையை விட்டதும் உடனே விட வேண்டும். இந்த மூன்றிலும் ஹைட்ராலிக் லிவருக்கு இணையான கேபிள் அரிது. ஒரே எண்ணெய், ஒரே அழுத்தம், இரண்டு பக்கமும் சமம். கேபிள் நீளும், உறைக்குள் உரசும், துருப்பிடிக்கும். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தும்.

வேலை செய்யும் விதத்தை அருகில் பார்த்தால்தான் மற்ற வாதங்கள் விளங்கும். வழக்கமான அமைப்பில், கால் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் பைப்பை நடுவில் வெட்டி, அந்த இடைவெளியில் லிவரின் சிலிண்டரைச் செருகுகிறார்கள். லிவர் சும்மா இருக்கும்போது அது ஒரு வழிப்போக்கன்: காலால் மிதித்த எண்ணெய் அதன் வழியாகப் போய்த் திரும்பும். லிவரை இழுத்தால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து, அதன் முனையில் உள்ள ரப்பர் சீல் வழியை அடைத்து, பின்பக்கத்து எண்ணெயை மட்டும் நெருக்கும். அவ்வளவுதான். அழகான எளிமை. அந்த எளிமைதான் ஆட்களை ஏமாற்றுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வலு போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 630 கிலோ கார் என்று வைப்போம். உலர்ந்த தாரில் பின்சக்கரங்களை மட்டும் பிடித்தால் எடை கொஞ்சம் முன்னே சாயும். ஒவ்வொரு பின் டயர் மேலும் ஏறத்தாழ 140 கிலோ நிற்கும். அந்த டயரைப் பூட்டச் சுமார் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். 34 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று உள்ள காலிப்பர், டிஸ்க்கின் மையத்திலிருந்து 110 மில்லிமீட்டர் தள்ளிக் கடிக்கும் பேட், அதன் உராய்வு எண் 0.4 என்றால், பைப்புக்குள் 44 பார் அழுத்தம் போதும். லிவர் கையின் விசையை 7 மடங்காக்கும் என்று கொண்டால், 5/8 அங்குலத் துளையுள்ள சிலிண்டருக்குக் கை 12.5 கிலோ இழுத்தால் ஆயிற்று. 3/4 அங்குலம் என்றால் 18 கிலோ. பெரிய சிலிண்டர்தான் பலமானது என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். துளை பெரிதானால் எண்ணெய் அதிகம் நகரும், அழுத்தம் குறையும், கை வலிக்கும். காலிப்பரை நிரப்ப வேண்டிய எண்ணெய் சில மில்லிலிட்டருக்குள்தான். சிறிய துளையே அதற்குத் தாராளம். லிவரின் நுனி ஒரு நாலைந்து சென்டிமீட்டர் பயணிக்கும், அதற்குள் சக்கரம் பூட்டிவிடும்.

ஆக, ஒரு கணம் பூட்டுவதில் குறை இல்லை. இனி வண்டியை நிறுத்தி வைப்பதைப் பார்ப்போம்.

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. பிரேக் விதி, நிறுத்தி வைக்கும் பிரேக் 20 சதவீதச் சரிவில் சுமையோடு காரைப் பிடிக்க வேண்டும் என்கிறது. கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் உட்கார்ந்த நம் காருக்கு இதைப் போட்டுப் பார்த்தால், சக்கரத்துக்கு 190 நியூட்டன் மீட்டர் வரும். பூட்டுவதற்குத் தேவைப்பட்டதில் பாதிதான். அழுத்தம் 24 பார். ஹைட்ராலிக் லிவருக்கு இது விளையாட்டு. வலுவைப் பார்த்தால் அது தேறுகிறது, தோற்பது நேரத்தில். லிவரை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டு, தூங்கி, காலையில் வந்து பார்க்கும்வரை அந்த 24 பார் அங்கே இருக்க வேண்டும். ரப்பர் சீலைத் தாண்டி எண்ணெய் மெல்ல ஊறலாம். ஓட்டி வந்த சூட்டில் விரிந்திருந்த எண்ணெய் இரவுக் குளிரில் சுருங்கும். திரவம் ஸ்பிரிங்கைப் போல நீண்டு சுருங்கி ஈடுகட்டாது. அந்தச் சிறிய பைப்புக்குள் சில சொட்டு குறைந்தாலே அழுத்தம் படுத்துவிடும். கேபிளுக்கும் இந்த நோய் கொஞ்சம் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சூடான டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது கேபிள் ஹேண்ட்பிரேக்கும் தளரும். ஆனால் இழுபட்ட கேபிளில் இன்னும் இழுவிசை மிச்சமிருக்கும். ஊறி வெளியேறிய எண்ணெயில் எதுவும் மிச்சமிருக்காது.

பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகள் இதனால்தான் கறாராக இருக்கின்றன. நிறுத்தி வைக்கும் பிரேக்கை எண்ணெயோ காற்றோ மின்சாரமோ இடையில் வராமல் நேரடி இயந்திரப் பிடிப்பு தாங்கி நிற்க வேண்டும். அப்படியானால் இன்றைய கார்களில் பொத்தானை அமுக்கினால் பிடிக்கும் மின் பிரேக் எப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது என்று கேட்கலாம். மோட்டார் திருகாணியை முறுக்குவதோடு சரி. அதன்பின் மின்சாரம் போனாலும் திருகாணி தானே பிடித்துக்கொண்டிருக்கும். விதி கேட்பது அந்த மிச்சப் பிடிப்பைத்தான். வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வரும் முன் தாண்ட வேண்டிய தனி வாகன ஒப்புதல் சோதனை 2009இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. அதில் ஹைட்ராலிக் லிவரை மட்டும் காட்டி நிறுத்தும் பிரேக் இதுதான் என்றால் வேலை நடக்காது. சிலர் இதைச் சிவப்பு நாடா என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதனைக்காரர் காகிதத்தைப் பார்த்து மறுப்பது போலத் தோன்றினாலும், அவர் மறுப்பது ராத்திரி 2 மணிக்குச் சரிவில் தானாக உருளப்போகும் ஒரு காரை.

இன்னொரு கோணமும் உண்டு. ஹேண்ட்பிரேக்குக்கு ‘அவசர பிரேக்’ என்ற பழைய பெயர் சும்மா வந்ததில்லை. கால் பிரேக்கின் எண்ணெய் போனால் கையில் மிஞ்சுவது கேபிள். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில், பிரேக் எண்ணெய்ச் சுற்று இரண்டாகப் பிரிந்த காருக்கு ஹேண்ட்பிரேக் 16 சதவீதத் திறன் காட்டினால் போதும். ஒரே சுற்று உள்ள பழைய காருக்கு 25 சதவீதம் வேண்டும். காலுக்கு நம்பிக்கை குறைவாக இருந்தால் கையிடம் அதிகம் கேட்கிறார்கள். பின்பைப்பின் நடுவில் செருகிய லிவரோ கால் பிரேக்கின் அதே எண்ணெயைக் குடித்து வாழ்கிறது. பின்பைப் வெடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். காப்பாற்ற வர வேண்டியவன் முதலில் மூழ்குகிறான்.

இதற்கு மாற்றாக, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டாவது காலிப்பரைப் பொருத்தி, லிவருக்குத் தனி எண்ணெய்க் கிண்ணமும் தனி பைப்பும் கொடுக்கலாம். டிரிஃப்ட் கார்களில் பரவலாக இதைப் பார்க்கலாம். எண்ணெய்ச் சுற்று தனியாகிவிடுகிறது, கால் பிரேக்கில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடுகிறது. 550 கிலோ காரில் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் ஒவ்வொரு கிலோவும் ஓட்டத்தில் தெரியும். வளைவில் ஒட்டிப் போவதற்காகவே கூரையையும் கதவையும் துறந்த காருக்கு இது கொஞ்சம் வேடிக்கையான தீர்வு. ஹப்பில் இடமும் இருக்காது. முழுநேர டிரிஃப்ட் காருக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு வேண்டாம்.

பொருத்துவதில் உள்ள நுணுக்கங்களில் பலவற்றை வேகமாகச் சொல்லலாம். முன்சக்கரம் ஒரு சுற்று, பின்சக்கரம் ஒரு சுற்று என்று எண்ணெய் பிரிந்திருந்தால் ஒரே சிலிண்டர் போதும். முன் இடமும் பின் வலமும் என்று குறுக்காகப் பிரிந்த காரில் பின்பக்கத்துக்கு இரண்டு பைப் தனித்தனியாக வரும். அங்கே ஒற்றைச் சிலிண்டரைச் செருகுவது சுற்றுகளை ஒன்றாக்கிக் கெடுப்பதாகும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இருந்தால், லிவர் அதற்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் வந்தால் எவ்வளவு இழுத்தாலும் வால்வு நம் கையையும் சேர்த்துக் குறைத்துவிடும். சிலிண்டரின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பொருத்தாவிட்டால் உள்ளே ஒரு காற்றுக்குமிழி குடியேறும். நாலு தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். லிவரை வெறும் அலுமினியத் தகட்டில் போல்ட் போடக் கூடாது. போட்டி வெறியில் ஒருவர் 40 கிலோ இழுத்தால், 7 மடங்கு பெருகிச் சிலிண்டரின் தாங்கியில் 280 கிலோ வந்து முட்டும். சதுரக் குழாய்க்குப் பற்றவைத்த தடித்த தகடுதான் அதற்கு நிற்கும்.

மரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். பழைய ஆங்கிலேய வழக்கப்படி வரும் பிரேக் நட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஐரோப்பிய நட் 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண் ஏமாறும். அங்குல நட் சற்றே ஒல்லி என்பதால், மெட்ரிக் துளைக்குள் அது வழுவழுவென்று போய்விடும். ‘ஆஹா, என்ன சுலபமாகப் போகிறது’ என்று தோன்றும். அந்தச் சுலபம்தான் அபாய மணி. கடைசிச் சுற்றில் இறுக்கும்போது பிடிப்பது போல நடிக்கும், ஏர் எடுக்கும்போதுகூட ஒழுகாது. ஒருநாள் உண்மையாகவே மிதிக்கும்போது மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். உரித்த காரின் பைப்பும் கடையில் வாங்கிய லிவரும் சந்திக்கும் இடம் என்பதால், ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் இந்தக் கலப்புக்கு வசதியான வாசல். எங்கள் கராஜில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா முழுக்க இரண்டு வகை நட்டும் கலந்து கிடந்தது. நண்பன் அதைத் தரையில் கொட்டி, ஒரு மெட்ரிக் துளையையும் ஒரு அங்குலத் துளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுக்க ஒவ்வொன்றாகத் திருகிப் பிரித்தான். அந்தக் காரில் நடந்த மிகப் புத்திசாலித்தனமான வேலை அதுதான் என்பேன்.

மிக முட்டாள்தனமான வேலை அடுத்த வாரம் நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

லிவரைப் பொருத்தியாயிற்று. ஏர் எடுத்தாயிற்று. லிவரை இழுத்தால் முதல் ஒரு சென்டிமீட்டருக்கு எதிர்ப்பே இல்லாமல் ஆடியது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. “லூசா இருக்கு” என்றான். நானும் ஆமாம் என்றேன். பிஸ்டனைத் தள்ளும் கம்பியின் நீளத்தை இரண்டு சுற்றுக் கூட்டி அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டோம். லிவர் தொட்டதும் கடித்தது. காலி மைதானத்தில் இரண்டு கூம்பு வைத்துப் பார்த்தோம். கார் பம்பரம்போலச் சுற்றியது. கைதட்டல். வீடு திரும்பும் வழியில், சுமார் 6 மைல் தாண்டியதும், எஞ்சின் ஏதோ கயிற்றால் கட்டி இழுப்பது போல இழுத்தது. ஓரம் கட்டி இறங்கினால் பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. லிவரைத் தொட்டவர் யாரும் இல்லை.

நடந்தது இதுதான். சிலிண்டருக்குள், பிஸ்டனின் சீல் ஓய்ந்து நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஊசித்துளை போன்ற ஒரு துவாரம் இருக்கும். எண்ணெய் திரும்பி வரும் வழி அது. கம்பியை நாங்கள் நீட்டியபோது பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னே போய், சீல் அந்தத் துவாரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. சீலின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வளையும் உதடு. காலால் மிதிக்கும்போது எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் போய்விடும். திரும்பி வர முடியாது. போக வழி உண்டு, வர வழி இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் மிதித்த மிதி பின்பக்கத்தில் சேமிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. சூடு ஏற ஏற எண்ணெய் விரிந்து மேலும் நெருக்கியது. எங்களுக்குப் பிடிக்காத அந்த ஒரு சென்டிமீட்டர் ஆட்டம், கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கவேண்டிய சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியின் நிழல். அதைத்தான் கோளாறு என்று நினைத்துத் திருத்தினோம். அன்று சாலை உலர்ந்திருந்தது. மழையில், ஒரு வளைவில், பின்சக்கரம் தானாகவே பூட்டியிருந்தால் ஆட்டோடெஸ்ட் வித்தையை எதிரே வரும் லாரிக்கு முன்னால் செய்து காட்டியிருப்போம்.

கேபிளில் ஒரு தவறு செய்தால் ஹேண்ட்பிரேக் கெடும். பைப்பின் நடுவில் செருகிய ஹைட்ராலிக்கில் ஒரு தவறு செய்தால் கால் பிரேக் கெடும். விளையாட்டுக்காகச் சேர்த்த பொருள், உயிரைக் காக்கும் பொருளின் நடுவழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குறைந்தது இரண்டு புதிய இணைப்பு, இரண்டு புதிய சீல். பழைய கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரை வைத்துச் செலவில்லாமல் செய்துவிடுவேன் என்று கிளம்புபவர்களுக்கு இது இன்னும் மோசம். சாதாரண மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல், மேலே கிண்ணத்திலிருந்து சும்மா வடியும் எண்ணெயைத் தடுக்கச் செய்தது. நடுவழியில் செருகினால், காலின் முழு அழுத்தமும் அந்தச் சீலின் மேல் வந்து விழும். அது விட்டுக்கொடுக்கும் நாளில் பிரேக் ஆயில் ஓட்டுநரின் தொடை மேல் ஒழுகும். இந்த வேலைக்கென்றே செய்த சிலிண்டர்தான் வேண்டும். இதில் சிக்கனம் செய்வதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இனி மறுபக்கத்து வழக்கறிஞராகவும் கொஞ்சம் பேச வேண்டும். சியரா பின் டிஸ்க்கின் கேபிள் ஹேண்ட்பிரேக் இந்தக் கார் கட்டுபவர்களிடையே பேர் கெட்டது. காலிப்பரில் உள்ள சின்னக் கையை கேபிள் இழுத்து, அது பிஸ்டனைத் தள்ளி, அது பேடைத் தள்ள வேண்டும். உரித்த காரிலிருந்து வந்த பழைய காலிப்பரில் அந்தக் கை பாதித் துருவில் நிற்கும். சரிவில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஓடும் சக்கரத்தைப் பூட்டாது. அந்த நிலையில், போட்டிக்குப் போகிறவன் ஹைட்ராலிக்கைத் தேடுவது ஆசையால் மட்டும் இல்லை. மாறாக, எஸ்கார்டின் பழைய டிரம் அச்சை வைத்திருப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. டிரம்முக்குள் முன்நோக்கிய ஷூ சுழலும் டிரம்மாலேயே உள்ளே இழுக்கப்பட்டு இன்னும் இறுகும். கை கொஞ்சம் கொடுத்தால் சக்கரம் மீதியைக் கொடுக்கும். நல்ல கேபிள், சரியாக அட்ஜஸ்ட் செய்த ஷூ, இவற்றோடு 550 கிலோ கார் என்றால் கேபிளே பூட்டிவிடும். கேபிளுக்கு மிஞ்சும் குறை பூட்டு விடுபடாமல் நிற்பது ஒன்றுதான். அதற்கும் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே பதில் இருக்கிறது: இழுத்து விட்டால் தானே திரும்பும், பொத்தானை அமுக்கினால் மட்டும் பூட்டிக்கொள்ளும் தலைகீழ் லிவர். சாதாரண லிவரின் பூட்டுப்பல்லையும் ஸ்பிரிங்கையும் மாற்றி இதைச் செய்துகொள்கிறவர்கள் ஆட்டோடெஸ்ட் மைதானங்களில் உண்டு. செலவு சொற்பம். கால் பிரேக்கின் பைப்பை யாரும் தொடவில்லை. இவ்வளவு நல்ல வழி ஒன்று இருந்தும் ஹைட்ராலிக் லிவர்களே அதிகம் மோகத்தைக் கிளப்புகின்றன என்றால், அதில் பாதி அந்த நிமிர்ந்து நிற்கும் லிவரின் தோரணைக்கு. ராலி கார் போல இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; தோரணைக்காகச் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டு செய்தால் சரி.

என் தீர்ப்பு இது. நிறுத்தி வைப்பதற்கு ஹைட்ராலிக் கூடாது; இதில் இரண்டாம் பேச்சு இல்லை. டிரம் பின்பிரேக் உள்ளவருக்கு அது தேவையே இல்லை, கேபிளைச் சீர்செய்து தலைகீழ் லிவர் போட்டால் போதும். பின் டிஸ்க் உள்ளவர், ஆண்டுக்குப் பல முறை போட்டிக்குப் போகிறவர், முன் பின் எனப் பிரிந்த எண்ணெய்ச் சுற்று உள்ளவர், கேபிளைக் கழற்றாமல் இரண்டாவது லிவருக்கு இருக்கைகளுக்கு நடுவே ஓடும் டனலில் இடம் உள்ளவர்: இந்த நான்கும் சேர்ந்த ஒருவருக்கு நடுவழிச் சிலிண்டர் நியாயமான பொருள். நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் வேண்டாம் என்பேன். எனக்குத் தெரிந்த வீட்டுக் கார்களில் இந்த நான்கும் பொருந்தியது ஒன்றே ஒன்று. ‘பிறகு ஒருநாள் போட்டிக்குப் போகலாம்’ என்று இப்போதே பொருத்தி வைப்பது நான் பார்த்ததிலேயே மோசமான காரணம்.

நண்பனின் காரில் இன்று இரண்டு லிவர் இருக்கின்றன. டனலின் மேலே கறுப்புப் பிடி போட்டது கேபிள். ஒப்புதல் சோதனையில் காட்டியது அது. அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பது ஹைட்ராலிக். அதன் கம்பியில் பூட்டு நட்டுக்குக் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறான். நட் கடுகளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் முழங்காலிட்டு, டார்ச் அடித்து, முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்பான். பிறகு லிவரை விரல் நுனியால் லேசாக ஆட்டி, அந்த ஒரு சென்டிமீட்டர் இன்னும் லூசாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருப்பான்.